இந்தப் பக்கம் வந்து பேசுங்க

ரேவதிக்கு வலது காது கேட்காது. ஆறு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த காதை வைத்துக்கொண்டே படித்து முடித்து, திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வலப்பக்கம் நின்று யாராவது பேசினால் மட்டும் சிரித்துச் சமாளிப்பாள். அண்ணன் பாலாஜியின் மகள், நாலு வயது கவிநிலா, அத்தையிடம் ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் சுற்றி ஓடி இடப்பக்கம்தான் வருவாள்.

பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் காது விஷயத்தைச் சொன்னார்கள். இரண்டு இடம் தட்டிப் போனது. அடுத்ததாக, கீழ்பென்னாத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வன் வீட்டிலிருந்து கேட்டபோது, ரேவதியின் அம்மா கன்னியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கல்யாணம் ஆனப்புறம் தானா தெரிஞ்சிக்கட்டும்."

ரேவதிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அம்மா அழுத அழுகையைப் பார்த்துச் சம்மதித்துவிட்டாள். யாருமே கவிநிலாவிடம் எதையும் சொல்லி வைக்கவில்லை.

பெரிய கோயிலில் பெண் பார்த்தார்கள். தரிசனம் முடிந்து, வெயிலுக்கு ஒதுங்கி மண்டபத்தில் உட்கார்ந்ததும், பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி நகர்ந்துகொண்டார்கள். அறிவுச்செல்வன் ரேவதிக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து, "லேப்ல வேலை ஜாஸ்திங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பதில் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் கேட்டான். அவள் குனிந்து கவிநிலாவின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் முகம் வாடிவிட்டது.

கவிநிலாவுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா! அத்தைக்கு அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து பேசுங்க!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காசியம்மாள் எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மா இது? மறைச்சி வச்சா பொண்ணு காட்டறீங்க?"

கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ரேவதிதான் நிமிர்ந்தாள். "மறைச்சதுதாங்க, தப்புதான். எனக்கு வலது காது சுத்தமா கேக்காது" என்றாள். சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. இந்த இடமும் போயிற்று என்று நினைத்தாள்.

அதற்குள் கவிநிலா அறிவுச்செல்வனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்க கழுத்துல கறுப்பா வழியுது."

அவன் கர்ச்சீப்பால் துடைத்துப் பார்த்தான். வியர்வையோடு மை. ஒரு கணம் திகைத்தவன், அடக்க முடியாமல் சிரித்தான்.

"டை, பாப்பா. எங்கம்மாதான் போட்டுக்கினு வரச் சொன்னாங்க." ரேவதியைப் பார்த்து, "இல்லன்னா தலை பாதி நரைங்க" என்றான்.

காசியம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அறிவுச்செல்வன் எழுந்து, சுற்றி வந்து, ரேவதிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான்.

"லேப்ல வேலை ஜாஸ்திங்களா?"

"காலைல ஜாஸ்திங்க. மத்தியானம் கம்மி."

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் கன்னியம்மாள், "உன்னை அடிக்கிறதா கொஞ்சறதான்னு தெரியலடி" என்று பேத்தியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். கொஞ்சம் அழுத்தமாகவே. "வலிக்குது ஆயா" என்றாள் கவிநிலா.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. இப்போது அவர்கள் வேங்கிக்காலில் குடியிருக்கிறார்கள். கவிநிலா வந்தால் சொந்தக்காரர்கள் பேச்சைச் சட்டென்று மாற்றிவிடுகிறார்கள். ரேவதி மட்டும் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுடி, இன்னிக்கு என்னல்லாம் பாத்த?" என்று கேட்கிறாள்.