டிராக்டரை உடைத்தது அக்கா அல்ல

எங்கள் அக்கா காப்பார் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றபோது குடும்பத்தோடு கிள்ளானுக்கு வந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை, திருமணம், ஒரே மகள், நாற்பத்தைந்து வயதில் அத்தானின் மரணம். இவற்றையெல்லாம் மகள் இந்த நினைவு மலரின் அடுத்த பக்கத்தில் விரிவாக எழுதியிருக்கிறாள். நான் ஒரு பொய்யைத் திருத்த வந்திருக்கிறேன். போன வருடம் அக்காவின் உடல் வீட்டில் இருந்தபோதே, வாசல் கூடாரத்தில் ஒருவர், "புருஷன் வச்சிட்டுப் போன டிராக்டரையே ஒடச்ச பொம்பளலா" என்று சொல்லிச் சிரித்தார். அன்று நான் வாய் திறக்கவில்லை.

அந்த டிராக்டர் அக்காவைவிட வயதில் மூத்தது. தோட்ட நிர்வாகம் பழசென்று கழித்துவிட்டதை அத்தான் வாங்கி, அதில் புல் வெட்டிப் பிழைத்தார். அவர் போனதும் அவருடைய அண்ணன் வந்தார்.

"பொம்பளைக்கு எதுக்குமா இது? பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"இரும்பா போட்டா ஒரு நாள் சோறுங்க. நான் இதுக்கு மண்ணு தோண்டுற கை மாட்டப் போறேன்" என்றார் அக்கா.

சொன்னபடியே, டிராக்டரின் பின்னால் மாட்டும் பேக்ஹோ என்ற தோண்டும் கை ஒன்றைப் பழையதாக வாங்கினார். பெரிய இயந்திரம் நுழைய முடியாத, கம்பம் என்று நாங்கள் சொல்லும் சிற்றூர்களின் சந்துகளில் கால்வாய் வெட்டும் வேலை நிறையக் கிடக்கிறது என்று அவர் முன்பே விசாரித்து வைத்திருந்தார். மாட்டும் வேலை என்னுடையது. நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன்.

"தம்பி, பின்னால கலப்பை மாட்டுற மூணு கையில மட்டும் தொங்கவிட்டா தாங்காதாம்டா. அடியில முன் அச்சு வரைக்கும் இரும்புச் சட்டம் போடணும்னு வித்தவரு சொன்னாரு."

"அவரு கெடக்காருக்கா. நான் வெல்டு வச்சா யானையே தொங்கலாம்."

உண்மை வேறு. சட்டம் செய்ய இரண்டு வாரம் ஆகும். சுபாங் ஜெயாவில் ஒரு பங்களாவுக்கு கேட் போடும் வேலை எனக்குக் காத்திருந்தது.

சட்டம் இல்லாமலே மாட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அக்கா கோயிலுக்குப் பின்னால் கால்வாய் வெட்டினார். பாதி ஊர் வேடிக்கை பார்த்தது. களிமண்ணில் வாளி இறங்கி இழுத்ததும் வெடிபோல ஒரு சத்தம். டிராக்டரின் பின்பக்க இரும்பு உறை பிளந்து, கியர் எண்ணெய் தரையில் ஓடியது. அத்தானின் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"சொன்னேன்ல? என் தம்பி வண்டிய ஒடச்சிட்டா!"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடம், "ஆமாங்க, நான்தான் ரொம்ப இழுத்துட்டேன்" என்றார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

அதன்பின் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை, எந்தக் கல்யாணப் பந்தியிலும் இதுதான் பேச்சு. அக்கா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருவார். மறுநாள் டிராக்டருக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்து அளவெடுப்பார். வேறொரு உறை தேடிப் பிடித்தோம். பழைய லோரியின் சட்டத்தை வெட்டி, பின்னாலிருந்து முன் அச்சு வரை கொடுத்து, பாரம் முழுவதும் அதில் விழும்படி செய்தோம். முன்சக்கரம் மேலே தூக்காதிருக்க டிராக்டரின் மூக்கில் பாரத்துக்குச் சிமெண்டு வார்த்தார். கோயில் கால்வாயை அவரே வெட்டி முடித்தார். அதற்குப் பிறகு பதினேழு வருடம் அந்த இயந்திரம்தான் அவருக்குச் சோறு போட்டது, மகளைப் படிக்க வைத்தது. ஒரு விரிசல் விழவில்லை. சிரித்தவர்கள் வீட்டு வாசலிலும் அதுதான் தோண்டியது.

கடைசி வாரங்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, "எல்லாருகிட்டயும் சொல்லிடுறேன்க்கா" என்றேன்.

"சும்மா கெட. உன் வெல்டிங்க நம்பி ஆளு வருது. உனக்கு ரெண்டு பிள்ள இருக்கு. எனக்கு என்ன, பேசிட்டுப் போகட்டும்."

அந்த இரும்புச் சட்ட விஷயத்துக்குப் பிறகு அக்கா சொல்லை நான் மீறியதே இல்லை. இதில் மட்டும் மீறுகிறேன். உடைத்தவன் நான். பழியைச் சுமந்தவர் அவர்.

அக்காவைக் கவனித்த தாதியருக்கும், பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பாடையைத் தோள் மாற்றாமல் சுமந்த கம்பத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தக் கதையை இனியும் சொல்லிச் சிரிக்க ஆசைப்படுபவர்கள் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் பட்டறை திறந்திருக்கும்.

– தம்பி