வரிசையில் முதல் எண்

வரலாறு படித்தவள் ஏன் எம்.சி.ஏ. சேர்ந்தாய் என்று கேட்டவர்களிடம், வேலைக்காக என்று சொல்லிவைத்திருந்தேன். கணவனை இழந்தவள் அப்படிச் சொன்னால் அதற்குமேல் யாரும் குடைவதில்லை. உண்மைக் காரணம் வேறு. அவர் இருந்தபோது, ஆபீஸ் முடிந்து வந்த பிறகும் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். திடீரென்று தானாகச் சிரிப்பார். என்ன என்று கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்பார். கேலிதான். ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து நிற்பவளுக்குச் சுருக்கென்று தைக்கும். இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். ஒரு நாள் காலை, ஆபீஸ் வண்டிக்குக் காத்திருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சண்டை பாக்கி நின்றுவிட்டது.

அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று, தண்ணீர் லாரிக்காக எழுதிய புரோகிராம். மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர்தான் கதி. லாரி வந்ததும் எந்த பிளாக்குக்கு எப்போது மோட்டார் போடுவார்கள் என்று தெரியாவிட்டால் காலை முழுக்கப் பேஜார்தான். வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் குட்மார்னிங் பூக்களுக்கு அடியில் செய்தி புதைந்துவிடும். அதனால் அவரே ஒரு புரோகிராம் எழுதி, வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் ஓடவிட்டார். சங்கச் செயலாளர் ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்றாக எஸ்.எம்.எஸ். போகும். வரிசையில் முதல் எண் அவருடையது. "எனக்கு வந்தாத்தான் மத்தவங்களுக்குப் போகும்னு நம்புவேன்" என்பார். இரண்டாவது என்னுடையது.

அவர் போன பிறகும் அவருடைய போனை அந்த லேப்டாப் பக்கத்திலேயே சார்ஜில் வைத்திருந்தேன். லாரி வரும் காலைகளில் முதலில் அது ஒலிக்கும், பிறகு என்னுடையது. அந்த இரண்டு சத்தமும் கேட்டால்தான் எனக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றும்.

பள்ளி வேலையை விட்டேன். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் படிக்காமல் வந்தவர்களுக்குத் தனியாக பிரிட்ஜ் கோர்ஸ் உண்டு. அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. கேம்ப் ரோடு நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் புரோகிராம்களை உருப்போட்டேன். எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான். போரின் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று பிள்ளைகளை உருப்போட வைத்தவள் ஆயிற்றே. செய்முறைத் தேர்வில், எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னார்கள். நான் படித்திருந்ததோ சிறியதிலிருந்து பெரியது. அதையே அட்சரம் பிசகாமல் அடித்தேன். அதோடு விட்டேனா? கட்டுரைக்கு முடிவுரை எழுதும் பழக்கத்தில், வரவேண்டிய விடையையும் கீழே நானே அடித்துவைத்தேன்.

தேர்வாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், இதை மெஷின் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன். அந்தப் பாடத்தில் அரியர்.

அரியர் எழுதி முடிக்கும் வரை வீட்டில் எதையும் கவனிக்கவில்லை. அவருடைய போன் ஒலிக்காததைக்கூட. தேர்வு முடிந்த மறுநாள் செயலாளர் வந்து கதவைத் தட்டினார்.

"மேடம், லாரி வந்து வந்து போகுது, ஒருத்தருக்கும் மெசேஜ் வரலை. பி பிளாக்ல ஒரே சண்டை. புதுசா ஒரு ஆப் வாங்கிடலாம்னு கமிட்டியில சொல்றாங்க. சாரோட புரோகிராம் இவ்ளோ நாள் ஓடினதே பெரிய விஷயம்."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கோ சாவுச் செய்தியை இரண்டாம் முறை கேட்பதுபோல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங் வரைக்கும் டைம் குடுங்க சார். நான் பாக்கறேன்."

"நீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. புருவம் கேட்டது.

என் கணவர் எழுதியதை அன்றுதான் முதல்முறையாகத் திறந்தேன். இங்கே உருப்போட எதுவும் இல்லை. இந்த வரி என்ன செய்கிறது, அடுத்த வரி ஏன் வருகிறது என்று திரையில் விரல் வைத்துப் படித்தேன். புரியாத இடங்களில் கோபம் வந்தது, அவர் மேல்தான். கடைசியில் பிடிபட்டது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அவருடைய எண் ரத்தாகியிருந்தது. புரோகிராம் முதல் எண்ணிலேயே முட்டி நின்றுவிடுகிறது. ஓர் எண்ணுக்குப் போகாவிட்டால் என்ன செய்வது என்று அவர் எழுதவே இல்லை. தன் எண் இல்லாமல் போகும் என்று அவர் நினைக்கவில்லை.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் போனில் கேட்டேன். பி.சி.ஏ. முடித்து வந்தவள், கெட்டிக்காரி. "சிம்பிள்க்கா. அந்த ஃபர்ஸ்ட் நம்பரைத் தூக்கிடுங்க, அவ்ளோதான்" என்றாள். அது யாருடைய எண் என்று அவளுக்குத் தெரியாது.

தூக்கித்தான் பார்த்தேன். பட்டியல் என் எண்ணில் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பிறகு அவருடையதைப் பழைய இடத்திலேயே திரும்ப அடித்தேன். அதற்குக் கீழே நானே சில வரிகள் எழுதினேன். ஓர் எண்ணுக்குப் போகாவிட்டால் அதைக் குறித்துக்கொள், நிற்காதே, அடுத்ததற்குப் போ. எங்கிருந்தும் உருப்போட்டதல்ல. இரண்டு முறை தப்பாக வந்து, மூன்றாவது முறை ஓடியது.

சனிக்கிழமை காலை லாரி வந்தது. செயலாளர் செய்தி அனுப்பியதும் பழைய லேப்டாப்பின் திரையில் ஒரு வரி வந்தது: முதல் எண், போகவில்லை. என் கையில் போன் ஒலித்தது. அடுத்து எதிர் வீட்டில் ஒன்று, மேல்மாடியில் ஒன்று. கீழே மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

நான் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் அப்படிச் சிரிப்பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.