பதினெட்டாவது மூச்சு

டேப் பழசானால் சத்தம் போகத்தான் செய்யும் என்கிறான் என் மருமகன். அவன் எஞ்சினீயர். போன ஓணத்துக்கு வந்தவன் பாயசம் குடித்துக்கொண்டே இதைச் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு அவன் டேப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். பேய், பிசாசு, கண்ணேறு, செய்வினை எதையும் நான் நம்பியவன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பொய் சொல்வதாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டுகிற பொய்யாகச் சொல்லியிருக்க மாட்டேனா?

தொண்ணூறுகளின் நடுவில், மஸ்கட்டில் வேலை பார்த்த என் தங்கையின் கணவன் பிரபாகரன் எனக்கு ஒரு ஹெட்போன் கொண்டுவந்து தந்தான். ஜெர்மனியில் செய்தது. காதில் படுகிற இடம் வெல்வெட், வெளிப்பக்கம் மூடியில்லாமல் வலைக்கம்பி. அதுவரை வயலின் என்றால் எனக்குத் திருவிழாவில் தென்னையில் கட்டிய கோளாம்பி ஒலிபெருக்கி வழியாக வருகிற தகரச் சத்தம்தான். இதில் கேட்டபோதுதான் வில்லின் மயிர் கம்பியைப் பிடிப்பது ஒரு சத்தம், பிடித்தபிறகு கம்பி பாடுவது வேறு சத்தம் என்பதே தெரிந்தது. கமகத்தில் விரல் சறுக்கும்போது தோல் கம்பியில் உரசுவது கேட்டது. தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் மரப்பெட்டி உள்ளுக்குள் முனகுவது கேட்டது. வாசிப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்றுகூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதல் வாரம் நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு மாதத்தில் சங்கீதம் கேட்பதை விட்டுவிட்டுக் குற்றம் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

பாறசாலையில் எங்கள் வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு வருடம் ஒரு தனிக்கச்சேரி உண்டு. அந்த வருடம் பூவார் சேவியர் அந்த வாய்ப்பைக் கேட்டார். கடலோரக் குடும்பம். அப்பன் மீன்பிடிக்க வள்ளத்தில் போனவர், இவர் மட்டும் மாதாகோயில் பாடகர் குழுவில் வயலின் எடுத்து, பிறகு நெய்யாற்றின்கரையில் ஒருவரிடம் கர்நாடக சங்கீதமும் முறையாகப் படித்தவர். இருபது வருடமாக யார் யாருக்கோ பக்கவாத்தியம். ஒரு தடவையாவது நடுவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று ஆசை. கமிட்டி முடிவை என்னிடம் விட்டது, என்னிடம்தானே அந்த ஹெட்போன் இருக்கிறது. ஒரு பகல் வாசகசாலை மாடியில் உட்காரவைத்து சகானா ஆலாபனையைப் பதிவு செய்தேன். மாடிப்படி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது, கொஞ்சம் ஓய்வு எடுக்கக்கூட நான் விடவில்லை.

வீட்டில் கேட்டால், ராகம் அருமை. ஆனால் ஒவ்வொரு பெரிய ராகப் பிடிக்கும் முன்னால் ஒரு மூச்சு. சாதாரண மூச்சு இல்லை, இழுத்து, நடுவில் கீச்சென்று விசில் அடிக்கிற மூச்சு. டேப் டெக்கில் ஓடும் எண்ணைப் பார்த்துப் பார்த்து எந்தெந்த எண்ணில் மூச்சு வருகிறது என்று நோட்டில் குறித்தேன். பதினேழு இடம். பரீட்சைத் தாளில் பிழையைச் சுழிக்கிற அதே சிவப்புப் பேனா.

சேவியரை வரவழைத்து அவர் தலையிலேயே ஹெட்போனை மாட்டினேன்.

"அம்மோ, கம்பிக்க பக்கத்துல காதைக் கொண்டு வச்ச மாதிரியாக்கும் இருக்கு சாரே!" என்று சிரித்தார்.

"கம்பியை விடும். அந்த மூச்சைக் கேளும். மரம் அறுக்கது மாதிரி இல்லியா?"

கொஞ்ச நேரம் கேட்டார். சிரிப்பு போய்விட்டது. "இது எனக்க மூச்சா?"

"பின்னே எனக்குள்ளதா?"

"கொஞ்ச நாளாட்டு எளைப்பு உண்டு சாரே. படி ஏறினா முட்டுது."

"அதை வீட்டுல வச்சிட்டு வாரும்."

"மூச்சை வீட்டுல வச்சிட்டு வந்தா இங்க வாசிக்கது யாராக்கும்?" என்று மறுபடி சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. நோட்டைக் காட்டினேன். பதினேழு சிவப்பு எண்.

இளைப்பு உண்டு என்று ஒரு மனிதன் வாயால் சொல்கிறான். அவன் நெஞ்சு விசில் அடிப்பது ஜெர்மன் கருவியில் தெளிவாகக் கேட்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதற்கா நான் படித்தேன்? கமிட்டியில் போய் "ஆள் மூச்சை அடக்கப் படிக்கட்டும், அடுத்த வருசம் பாக்கலாம்" என்றேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மூச்சு விடாத வயலின்காரன் எங்கே கிடைப்பான் என்று கேட்க ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. எல்லோரும் நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும், விடுமுறையில் வந்திருந்த பிரபாகரனிடம் ஹெட்போனின் திறமையைக் காட்ட அந்த டேப்பைப் போட்டேன்.

"இப்ப வரும், கேளு. மரம் அறுக்க சத்தம்."

"ஒண்ணும் வரல்லியே அளியா."

நான் வாங்கி மாட்டினேன். நோட்டை விரித்தேன். முதல் எண் வந்தது, போனது, மூச்சு இல்லை. இரண்டாவது எண், இல்லை. ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பிளக்கை மாற்றினேன், திருப்பிப் போட்டேன். பதினேழும் இல்லை. என் மருமகனிடம் கேட்க விரும்புவது இதைத்தான். டேப் பழசாகி மெல்லிய சத்தம் போயிற்று என்றால், அதைவிட மெல்லிய வில் உரசல் எப்படி இருந்தது? விரல் சறுக்குவது, வெளியே காக்கை, களியக்காவிளை பஸ்ஸின் ஹாரன், எல்லாம் அப்படியே இருந்தன. மூச்சு இருந்த இடத்தில் மட்டும் துடைத்து வைத்ததுபோல ஒரு வெறுமை.

"நீயே சும்மா உண்டாக்கினது" என்று பிரபாகரன் சிரித்தான். எனக்கு அவனை அறையலாம்போல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வாசகசாலைச் செயலாளர் சுகுமாரன் ஸ்கூட்டரில் வந்தான். "சாரே, அறிஞ்சீரா? பூவார் சேவியரு போயிட்டாரு. காலம்பற பூசையில, வாசிச்சோண்டு இருக்கும்போ." பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்றான். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். பாடகர் குழுவில் எல்லோருக்கும் தெரியுமாம், இரண்டு மாதமாக அவர் வாசிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தாராம். ஏன் என்று கேட்டால், "பாறசாலை சாரு பறஞ்சிருக்காரு, அடுத்த வருசத்துக்குப் படிக்கேன்" என்பாராம்.

அடக்கத்துக்குப் போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கோழை.

நாற்பத்தொன்றாம் நாள் பூசை கழிந்து அவருடைய மகள் ஷைனி என் வீட்டுக்கு வந்தாள். திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம்.

"பப்பாக்க ஒரு டேப்பு சாருக்கிட்ட உண்டுல்லா? அதை ஒரு தடவை கேக்கணும்."

"சகானா நல்லா வாசிச்சிருக்காரு" என்றேன்.

"பாட்டு கோயில்ல எடுத்த கேசெட்டுலயும் உண்டு. இதுல பப்பாக்க மூச்சு கேக்குமாமே. அதுக்காக்கும் வந்தேன்."

அதில் மூச்சு இப்போது இல்லை என்று ஒரு மகளிடம் எப்படிச் சொல்வது? ஹெட்போனைக் கொடுத்தேன். டேப் ஓடத் தொடங்கி ஒரு நிமிடத்தில் அவள் கண்ணை மூடினாள். "இதா" என்றாள். "இதா கேக்குது. நல்ல எளைப்பு உண்டே, ஒருத்தரும் பாக்கல்லியே."

அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்டிருக்கும் என்பான் என் மருமகன். எனக்கும் அப்போதே அந்தச் சந்தேகம் வந்தது, நான் வாத்தியார் அல்லவா. முதலிலிருந்து போட்டேன். "மூச்சைப் பிடிச்சோண்டு கேளு மக்கா, முட்டும்போ மட்டும் விட்டுக்கோ. பப்பா மூச்சு வரும்போ விரலைத் தூக்கு" என்றேன். அவளுக்குத் தெரியாமல் நோட்டை மேசைக்கு அடியில் மடியில் விரித்துக்கொண்டேன். டெக்கின் எண் அவள் பக்கம் தெரியாது. விரல் தூக்கினாள். நோட்டின் முதல் எண். மறுபடி தூக்கினாள். இரண்டாவது எண். மூன்று. நான்கு. ஒன்றுகூடத் தவறவில்லை, ஒன்றுகூட அதிகமில்லை. நடுவில் அவள் காதிலிருந்து ஒரு பக்கத்தைப் பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். வில் உரசல் கேட்டது. அவள் விரல் உயர்ந்தது. எனக்கு அங்கே ஒன்றுமில்லை.

பதினேழு முடிந்தது. ஆலாபனையும் முடிந்தது. சேவியர் வில்லைத் தரையில் வைக்கும் சத்தம், அதன்பின் நான் பதிவை நிறுத்திய கிளிக். அதற்கப்புறம் வெறும் டேப். நிறுத்தக் கை நீட்டினேன். ஷைனி வேண்டாம் என்று தலையசைத்தாள். டெக்கில் எண் ஓடிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டில் அவள் விரலைத் தூக்கினாள்.

தூக்கிய விரலை இறக்கவே இல்லை. "இது நீளமாட்டு இருக்கு சாரே" என்றாள். "எளைப்பே இல்ல."

டேப்பையும் ஹெட்போனையும் அவளிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பதினேழாவது எண்ணுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அந்த எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை, நான் அதைக் கேட்கவில்லையே.