அடி தெரியாத தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், நாமக்கல்லில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சித்திரை மாதத்தில் நடந்தது இது. ஊருக்குச் சற்று வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்திருந்தது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். கனமான இரும்புத் தகட்டைத் தனியாளாகத் தூக்கி நிறுத்துவார். அப்படிப்பட்டவரைக் குளியலறைக்குக் கூட்டிப் போகவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பிசியோதெரபி செய்ய வந்தவர்தான், "கீழ நீச்சல் குளம் இருக்குதுல்லங்க, அதுல நடக்க வெச்சுப் பாருங்க. தண்ணிக்குள்ள ஒடம்பு கனம் தெரியாது" என்றார்.

நெஞ்சளவு ஆழம்தான். முதல் நாள் பிடித்து இறக்கினோம். கம்பியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர், மெல்ல ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று. திரும்பி என்னைப் பார்த்துக் கோணிய வாயோடு சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதன்பின் தினமும் காலையில் எங்களுக்குக் குளம்தான்.

கோடை முற்றியதும் தண்ணீர் கெட ஆரம்பித்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. ஓடுகளில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அந்த வருடம் போர்வெல்லிலும் தண்ணீர் இறங்கிவிட்டதால் குளத்தை இறைத்து நிரப்ப வழியில்லை. மணல் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. குளோரின் போட்டும் பச்சை கட்டியது. இன்னும் போட்டார்கள், பிள்ளைகளுக்குக் கண் சிவந்தது. காரத்தன்மை ஏறிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் அதைக் குறைக்க வேண்டும், ஃபில்டர் மணலையும் மாற்ற வேண்டும் என்று பார்க்க வந்த கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றிப் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நாட்களில் மேல் மாடியில் குடியிருந்த ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு. முடியாதவங்க எறங்கறதாலதான் தண்ணி கெடுதுன்னு பேசிக்கறாங்க. எனக்குமே அப்படித்தான் தோணுது" என்றார்.

"இல்லீங்கக்கா, நல்லாக் குளிக்க வெச்சுத்தான் கூட்டியாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் பாசிக்கு மருந்து போட்டார்கள். பச்சை போனது. ஆனால் செத்த பாசி கலங்கி, குளம் முழுக்க மோர்த் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. "டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சுங்க, குளோரின் கரெக்டா இருக்குது, எறங்கலாமுங்க" என்றார் குளத்தைப் பார்த்துக்கொள்பவர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஏனுங்க, அடியே தெரியலியே" என்றேன். என் கணவரோ பல நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர். "கொஞ்சம்... நட" என்று குழறலாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

கம்பியைப் பிடித்தபடி அவர் உள்ளே நடக்க, நான் கரையில் கூடவே நடந்தேன். அடித்தரையில் வழுக்கல் இருந்திருக்கிறது. கம்பியை விட்ட கையை மட்டும்தான் பார்த்தேன். அடுத்து அதுவும் இல்லை. தண்ணீர் வெள்ளையாக மூடிக்கொண்டது. நெஞ்சளவு ஆழத்தில் ஓர் ஆறடி மனிதர் எங்கே கிடக்கிறார் என்று தெரியவில்லை.

அலறிக்கொண்டே குதித்தேன். கையால் துழாவத் துழாவத் தண்ணீர்தான் வந்தது. குளத்தைச் சுற்றி நடைப்பயிற்சியில் இருந்த அந்த மேல் மாடிப் பெண், செருப்போடு எதிர்ப்பக்கம் குதித்தார். "கையில தேடாதீங்க, காலால தொழாவுங்க!" என்று கத்தினார். அவர் காலில்தான் என் கணவர் தட்டுப்பட்டார். நான் தேடிய இடத்திலிருந்து வெகுவாக விலகிப் போயிருந்தார். இரண்டு பேருமாக இழுத்துக் கரையேற்றினோம்.

நுரையீரலுக்குள் போன அழுக்குத் தண்ணீரால் நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வீடு வந்தார்.

குடியிருப்பின் கூட்டத்தில் குளத்தை மூடிவிடச் சொல்லி முதலில் எழுந்தது அவரைக் காப்பாற்றிய அதே பெண்தான். "மூடாதீங்க, சரி பண்ணிக் குடுங்க" என்று நான் கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவரு ஒடம்பு என் கால்ல தட்டுனது இன்னும் மறக்கலைங்க. இன்னொருத்தருக்கு அப்படி ஆயிரக் கூடாது." குளத்தை மூடி, தண்ணீரை வடித்துவிட்டார்கள்.

பிறகு இவரைச் சேலத்தில் ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளே பளிங்கு மாதிரி தண்ணீர். இவர் கார் கதவைப் பிடித்த பிடியை விடவே இல்லை. திரும்பி வந்துவிட்டோம். இப்போது முகத்தில் தண்ணீர் பட்டாலே பதறுகிறார். ஈரத் துணியால்தான் துடைத்துவிடுகிறேன். நடப்பதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

யார் மேலாவது கோபப்பட முடிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மருந்து போட்டவர் தனக்குச் சொன்னதைச் செய்தார். குழுவில் இருந்தவர்களுக்கு அவரவர் பாடு. அந்தப் பெண் குளத்தை மூடச் சொன்னதும் நியாயம்தான். எல்லோருக்கும் அது ஒரு குளம், இவருக்கு அதுதான் கால் என்பதைத் தண்ணீர் கெடுவதற்கு முன்னால் ஒருவருக்காவது புரிய வைக்க முடியாமல் போனதே என்ற நினைப்புதான் இன்றுவரை என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.