வள்ளத்தில் கால் இருக்கும்வரை

எங்கள் ஊர் மூலேச்சிறையில் அவிராச்சனிடம் அடி வாங்காத ஆண்கள் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன். படகுப் போட்டிப் பயிற்சியில் துடுப்பைத் தாளம் தப்பிப் போட்டேன் என்று தடி நுனியால் முதுகில் ஒரே குத்து. குத்தியது நியாயம்தான். ஆனாலும் அந்த மனிதரைத் திட்டாமல் அதைச் சொல்ல எனக்கு வராது.

மற்ற மாதங்களில் அவர் வாத்து மேய்ப்பவர். ஆகஸ்ட் போட்டி வந்தால் எங்கள் சுண்டன் வள்ளத்தில், அந்த நீளமான பாம்புப் படகில், நடுப்பலகை மேல் நின்று, உலக்கை உயரத் தடியால் இடித்துத் தாளம் கொடுப்பார். எண்பத்தைந்து துடுப்புகளும் அந்த இடிக்குத்தான் விழும். கரையிலிருக்கும் கூட்டத்தின் கூச்சலில் வேறெதுவும் காதில் ஏறாது.

ஆனால் ஆளுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு வருடம் தெக்கேக்கடவு வள்ளத்து இடிக்காரன் வறீதின் தாடையைத் தடியாலேயே பெயர்த்துவிட்டார். மறு வருடம் எங்கள் வள்ளத்துக்குத் தடை. அடுத்த ஆகஸ்டில் பாதிரியார் அவரை வள்ளத்தின் மூக்கில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

"இந்த வள்ளத்துல என் கால் இருக்கிற வரைக்கும் எவன்மேலயும் கை வைக்க மாட்டேன்."

மீறினால் இனி ஆயுசுக்கும் ஏற முடியாது.

"ஃபாதர், அப்படியே அந்த வாயையும் கட்டிவிடுங்க," என்றாள் அவர் மனைவி ரோசம்மா. "வீட்ல நான் நிம்மதியா இருப்பேன்."

போட்டியன்று படகு வீடுகளின் கூரையெல்லாம் சுற்றுலா வந்தவர்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னிடமே கேட்டார்: "சண்டை நடக்கும்னாங்களே, எப்பங்க?" அந்த ஆளைத் தண்ணீரில் தள்ளியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

இறுதிப் போட்டியில் பாதி தூரம் போனதும் தெக்கேக்கடவு வள்ளம் எங்கள் தடத்துக்குள் சாய்ந்தது. துடுப்போடு துடுப்பு சிக்கியது. எங்களுடைய இன்னொரு இடிக்காரன் நெஞ்சில் குத்து வாங்கித் தண்ணீரில் விழுந்தான். தாளம் கொடுக்க அவிராச்சன் மட்டுமே மிஞ்சினார். வறீது தன் தடியை ஓங்கி அவர் தோளில் இறக்கினான்.

"அடிடா அவிராச்சா! உடைச்ச தாடை இங்கதான் இருக்கு, வந்து அடிடா!"

அவர் இடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த அடியில் காது கிழிந்தது. ஒவ்வொரு இடிக்கும் ரத்தம் சிதறி, கீழே உட்கார்ந்திருந்த என் பிடரியில் விழுந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. துடுப்பை நிறுத்தி, "அச்சாயா, அவனைப் போடுங்க!" என்று கத்தினேன்.

"துடுப்பைப் போடுடா நாயே!"

போட்டேன். ஒரு மூக்கு நீளத்தில் ஜெயித்தோம்.

எல்லையைத் தாண்டியதும் அவர் தடியைப் பதமாகக் கிடத்தினார். பலகையைத் தொட்டு முத்தமிட்டார். அப்படியே தண்ணீரில் குதித்து, தெக்கேக்கடவு வள்ளத்தை நோக்கி நீந்தி, வறீதின் காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தார்.

"இப்ப என் கால் எங்கடா இருக்கு? சொல்லுடா!"

முதல் குத்தில் வறீதின் மூக்கு போனது. இரண்டாவதில் பல். மூன்றாவதற்கு அவன் முங்கிவிட்டான். முழு வேகத்தில் வந்த கை வள்ளத்தின் விலாவில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. படகு வீடுகளில் கைதட்டினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள்.

சத்தியம் மீறப்படவில்லை என்று பாதிரியாரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அவிராச்சனின் மணிக்கட்டுதான் கோணலாகக் கூடியது.

மறு வருடம் டிக்கெட் கவுன்டர் வாசலில் பெரிய பேனர்: நனைந்த முகம், ஓங்கிய கை, அவிராச்சன். வந்தவர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அதே வாரம் பயிற்சிக்கு அவர் வள்ளமேறித் தடியைப் பிடித்தார். முதல் இடி பழைய இடி. இரண்டாவது தளர்ந்தது. மூன்றாவதில் தடி கைநழுவிப் பலகையில் உருண்டது. பழக்க தோஷம், அந்தச் சத்தத்துக்கும் எண்பத்தைந்து துடுப்புகளும் ஒன்றாக விழுந்தன.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மெல்லக் கரையில் இறங்கினார்.

"கால் வெளிய வந்துடுச்சுடா," என்றார். "இனி எவனை வேணா அடிக்கலாம்."

சொல்லிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து, அந்தக் கோணல் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.