டீயோடு விழுங்கிய மாத்திரை

பிள்ளை உண்டாகி ஐந்தாம் மாதம் பார்த்தபோது ரத்தம் எட்டுப் பாயிண்டுதான் இருந்தது. "பிரசவத்துல ரத்தம் கொஞ்சம் கூடப் போனாலும் ஒடம்பு தாங்காது ஆத்தா. பத்தாச்சும் வேணும். இந்த இரும்புச்சத்து மாத்திரைய விடாமப் போடு" என்று நர்சம்மா ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார். எனக்குச் சாவுபயம். ஒருநாள்கூட விடாமல் போட்டேன். வாயெல்லாம் துரு வாசம், நெஞ்செரிச்சல், வெளிக்குப் போனால் கறுப்பு. அட, இந்தக் கஷ்டத்துக்குச் சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றாத நாளில்லை.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. காலையிலிருந்து உப்பு சுமந்தால் பத்து மணிக்குக் கண் இருட்டும். அந்நேரம் டீ வரும். அங்கன நாங்கள் குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீரும் கரிக்கும் என்பதால், தலைவலி மாத்திரையோ மூட்டுவலி மாத்திரையோ, எல்லாப் பெண்களும் டீயோடுதான் விழுங்குவோம். நானும் அப்படித்தான் விழுங்கினேன்.

ஏழாம் மாதம் பார்த்தபோதும் அதே எட்டு. நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாத்திரைய எங்க பொதைக்கிற ஆத்தா?"

காலி அட்டைகளை எடுத்துக் காட்டினேன். "அட்டைய எல்லாரும்தான் காட்டுறாக" என்றார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "பிள்ளை மேல அக்கறை இருந்தா முழுங்கியிருப்ப" என்றார். காலி அட்டைகளைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நர்சம்மா லேசில் விடுகிற ஆளில்லை. மறுநாள் பத்து மணிக்கு உப்பளத்துக்கே வந்து, என் முன்னால் நின்று, "போடு, பாப்போம்" என்றார். மாத்திரையை வாயில் போட்டு, டீ டம்ளரை எடுத்தேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! டீத்தண்ணியிலயா? அது இரும்புச்சத்த ஒடம்புல ஒட்ட விடாதே! ரெண்டு மாசமும் இப்படித்தானா?"

"ஆமாம்மா."

"நானாச்சும் கேட்டிருக்கணும்" என்று முணுமுணுத்தார். அவர் அவ்வளவாவது சொன்னார்.

அதன்பிறகு வீட்டிலிருந்து எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுபோய் மாத்திரை போட்டேன். டீயைத் தள்ளிவைத்து மதியத்துக்கு மேல் குடித்தேன். தலைவலி மண்டையைப் பிளந்தது. ஒன்பதாம் மாதம் பார்த்தார்கள். பத்து! பயப்பட ஒன்றுமில்லை என்று நர்சம்மா சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று தன் அம்மாவுக்குப் போன் போட்டார். சந்தோசத்தில் குரல் தெருவுக்கே கேட்டது.

"பத்து வந்துருச்சும்மா. ஆமா, இப்பத்தான் ஒழுங்கா முழுங்குறா."