மஞ்சள் விளக்கின் மேல் ஒரு கருப்புப் பொட்டு

முடிவெட்டிக்கொண்டு வீடு திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மோட்டார் சைக்கிளின் மஞ்சள் விளக்கு அணைய மறுத்தது. ஏபிஎஸ் விளக்கு. பிரேக்கை ஆத்திரத்தில் அமுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காமல் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. சாவி போட்டதும் விளக்கு எரியும், வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணையும். அணைந்தால் எல்லாம் சுகம். அன்றைக்கு வீட்டு வாசல் வரைக்கும் எரிந்துகொண்டே வந்தது.

விளக்குதானே, எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. காரணம் என் மனைவியின் இடது மணிக்கட்டு. அதற்குள் ஒரு தகடும் ஐந்து திருகுகளும் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன்பு, பழைய வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்துப் போனபோது, தூறலில், வன்னியம்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். ஆட்டுக்குட்டி பிழைத்தது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட், இராஜபாளையத்து வீட்டிலிருந்து தினமும் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். கைதான் அவளுக்குச் சோறு போடுவது. ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிற இராஜபாளையத்து ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். கட்டுப்போடத் துணிக்கு மட்டும் குறைவில்லை.

அதன்பிறகு ஒரு வருடம் அவள் பஸ்ஸில்தான் போனாள். கேட்டால், "பஸ்ஸுல டிரைவர்னு ஒருத்தர் இருக்காரு, அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுது" என்பாள். ஏபிஎஸ் உள்ள வண்டி ஒன்றை மூன்றாம் கையாக வாங்கி வந்து, விளக்கைக் காட்டி முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்த பிறகே மனமிரங்கி ஏறினாள். ஏறுவதற்கு முன்னால், கோயில் வாசல் கடையில் வாங்கிய கருப்புக் கயிற்றை முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் கம்பியில் சுற்றி, ஏழு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். கண்ணு படக் கூடாதாம். அந்த வண்டியின் பெயிண்டைப் பார்த்தால் கண்ணு படாது, கண்ணீர்தான் வரும்.

ஆக, விளக்கு எரிகிற விஷயம் அவளுக்குத் தெரிந்தால் மறுநாளே பஸ். இனி ஆயுசுக்கும் பஸ். நான் அறிவாளியல்லவா, அறிவாளி செய்வதைச் செய்தேன். பீரோக் கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் கருப்பாக இருந்த ஒன்றை உரித்து விளக்கின் மேல் ஒட்டினேன். கச்சிதமாக மூடிக்கொண்டது. அவள் மார்க்கெட்டிலிருந்து திரும்புவதற்குள் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. வழக்கமாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி வருகிறவள், என் தோளில் கையைப் போட்டாள். செவ்வாயும் போட்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் கழித்து இப்படி ஒரு பிரியம். நெஞ்சை நிமிர்த்தி ஓட்டினேன். சாயங்காலம் கால் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் வைத்தியம் தொடங்கியது, பொட்டை அவ்வப்போது உரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியபடி. முதலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற எனக்குப் பழக்கமான மெக்கானிக். பிரேக் ஆயிலை மாற்றினார், விளக்கு எரிந்தது. பிரேக் பேடுகளைக் கழற்றித் துடைத்தார், எரிந்தது. ஏபிஎஸ்ஸின் பியூஸைப் பிடுங்கினார். அதற்கும் எரிந்தது.

"அண்ணாச்சி, பிரேக்கு பிடிக்கா இல்லியா?"

"பிடிக்கு."

"பொறவு என்ன? லைட்டு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. எங்க தாத்தா எந்த ஏபிஎஸ்ஸ வச்சு மாட்டு வண்டி ஓட்டினாரு?"

அவர் தாத்தாவின் பின்னால் என் மனைவி உட்கார்ந்ததில்லை. பியூஸை வாங்கி நானே மாட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். ஏசி அறை, காப்பி மிஷின், கழுத்தில் டை. வண்டியில் ஒரு கருவியைச் சொருகி, முன்சக்கர சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்றார்கள். அட, ஒருவழியாக நோயின் பெயராவது தெரிந்ததே என்று மகிழ்ந்தேன். "சென்சார் ஸ்டாக் இல்ல சார். உங்க மாடல் ரொம்ப ஓல்டு. எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார் டை. பிழைச் செய்தியை மட்டும் அழித்துக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டும் வரை விளக்கு மரியாதைக்காக அணைந்திருந்தது. அப்புறம் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானே இறங்கினேன். தறிகளைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இது எம்மாத்திரம்? சென்சாரைக் கழற்றினால் நுனியில் எங்கள் ஆலைப் பஞ்சு எண்ணெயோடு அப்பிக் கிடந்தது. பிடித்துவிட்டேன் திருடனை என்று துள்ளினேன். சுத்தமாகத் துடைத்து மாட்டினேன். திருடன் அவனில்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கும், டை கட்டியவர்களும், நானும், எல்லோருமே அந்தக் கருப்புக் கயிற்றை மட்டும் தொடவில்லை. மெக்கானிக் தவறிக் கைபட்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அதை நகர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு இடுக்கு வழியாக ஸ்பேனரை விட்டேன். சாமி காரியம் பாருங்கள்.

கடைசியாக, கோர்ட்டுக்குப் பின் தெருவில் ஒரு மெக்கானிக் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்த வார வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கண்ணாடி போட்ட மனிதர், பேச்சே கிடையாது. "செத்த நேரம் இருங்க" என்றதோடு சரி. சென்சார் வயரில் மின்தொடர்பைச் சோதிக்கிற மீட்டரை வைத்து, போர்க்கை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். மீட்டரின் சத்தம் நின்றது. விட்டேன், சத்தம் வந்தது. வயரைத் தடவிக்கொண்டே மேலே போனவரின் விரல் கயிற்றின் அடியில் நின்றது.

"கயித்தோட வயரையும் சேத்து இறுக்கியிருக்கு. ஒவ்வொரு குழியிலயும் இழுத்து இழுத்து உள்ள அந்திருக்கு."

"வெட்டிருங்க அண்ணாச்சி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு கட்டினது?"

"வீட்ல."

"அவியளே வந்து அவுக்கட்டும். நான் கத்தி வைக்க மாட்டேன்."

வேறு வழி இல்லாமல் அவளுக்குப் போன் போட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பையோடு வந்தாள். "ஏபிஎஸ் லைட்டு கொஞ்சம்..." என்று இழுத்தேன். அவள் நேராக வண்டியின் மஞ்சள் விளக்குப் பக்கம் போய்ப் பொட்டை உரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சாட்சிப் பொருள் போல. கோர்ட்டில் வேலை பார்க்கிறவள் அல்லவா.

"தெரியுமா?" என்றேன்.

"சாவி போட்டா எரியணும், நகந்தா அணையணும்னு நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னீக? தெனமும் எட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுதேன். அன்னைக்கு எரியவே இல்ல. எம் பொட்டு இருந்துச்சு."

"பொறவு ஏன் ஏறின?"

"எப்பச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

"அப்ப தோள்ல கை போட்டது?"

"விழுந்தா உங்களையும் சேத்து இழுத்துட்டு விழலாம்னுதான்."

பேசாத மெக்கானிக் தலையைக் குனிந்து சிரித்தார்.

அவள் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். தகடு வைத்த கை முழுசாகத் திரும்பாது. ஒரு முடிச்சுக்கு இரண்டு நிமிடம் ஆனது. நான் குனிந்தேன். "தள்ளுங்க" என்றாள். ஏழு முடிச்சும் அவிழும் வரை நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாள் அந்தக் கையோடு பயந்துகொண்டு வந்திருக்கிறாள். நான் பால்கோவா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல?

மெக்கானிக் அறுந்த இடத்தை வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு மூடினார். ஓட்டிப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. அவளோ, "சாயங்காலம் பஸ்ஸுல வாரேன்" என்று டிபன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் பஸ்தான். அடுத்த திங்கட்கிழமை தானாக வண்டிப் பக்கம் வந்து நின்றாள். "சாவியப் போடுங்க." எரிந்தது. "ஓட்டுங்க." தெருமுனை வரை தனியாகப் போய்த் திரும்பினேன். எட்டிப் பார்த்தாள், அணைந்திருந்தது. "இன்னொரு தடவ." மூன்று தடவை ஓட்டினேன். எதிர்வீட்டுக்காரர்கள் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு கருப்புக் கயிற்றைப் பின்பக்கக் கம்பியில், வயர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டிவிட்டு ஏறினாள்.

வன்னியம்பட்டி விலக்கு வந்தபோதுதான் கவனித்தேன், என் தோளில் கை இல்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். இடது கை மடியில், பையின் மேல் சும்மா கிடந்தது. அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.